இல்லாத விளிம்பு

குழந்தைகளின் மூளைத்தண்டில், பான்ஸ் பகுதியில் வரும் பரவல் க்ளையோமாவுக்கு விளிம்பு என்று ஸ்தூலமாக ஒன்றில்லை. கட்டியின் செல்கள் நல்ல நரம்பிழைகளுக்கு நடுவே ஊடுருவிக் கிடக்கின்றன. எம்.ஆர்.ஐ. படத்தின் வெண்மை எங்கே முடிகிறது என்று இரண்டு டாக்டர்கள் தனித்தனியே வரைந்தால் இரண்டு கோடுகள் வரும். ஆனாலும் கோடு வேண்டும்: கட்டி வளர்ந்ததா என்று அளக்க, கதிர்வீச்சை எங்கே செலுத்துவதென்று தீர்மானிக்க.

இன்று ஆழ்கற்றல் இயந்திரமும் அதை வரைகிறது. மூளைக்கட்டிப் படங்களுக்கான 'பிராட்ஸ்' போட்டி 2012இல் தொடங்கியது. அதில் குழந்தைகளுக்கென்று தனிப்பிரிவு வந்தது 2023இல்தான்.

இயந்திரத்துக்கு மார்க் போடுவது டைஸ் அளவு. இரண்டு உயிரினங்கள் எவ்வளவுதூரம் சேர்ந்து காணப்படுகின்றன என்று கணக்கிட லீ டைஸ் 1945இல் வகுத்தது. மனிதக் கோட்டின்மீது இயந்திரக் கோடு எவ்வளவு படிகிறது என்பதை அது சொல்லும். அந்த மனிதக் கோடோ, முதலில் ஓர் இயந்திரம் வரைந்து டாக்டர்கள் திருத்தியது. சம்மதத்துக்கு உண்மை என்று பெயர் சூட்டுகிறோம். (விமர்சனத்தில் நாம் செய்யாததா?)

இதற்காக இயந்திரத்தை நிராகரிக்க நான் தயாரில்லை. அலுத்த கையைவிட அது சீராக வரையும். எனக்கு உறுத்துவது வேறு. வரையும்போது டாக்டரின் கை சில இடங்களில் தயங்கியிருக்கும்; அது பதிவாகவில்லை. இயந்திரத்திடமும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிகழ்தகவு உண்டு. பெரும்பாலும் பாதியைத் தாண்டியதுமே அது 'கட்டி' ஆகிவிடுகிறது. அந்த எண்களை அழிக்காமல் திரையில் விட்டுவைக்கலாம். 'இது நிச்சயமா டாக்டர்?' என்று தாய் கேட்கும்போது பதில் சொல்லவேண்டியவர் இன்னமும் அவர்தான்.