தாளாளர் நாற்காலியும் பாவசங்கீர்த்தனத் தொட்டியும்

தமிழ்நாட்டின் பங்குப் பள்ளிகள் பலவற்றில் பங்குத்தந்தையே தாளாளர். காலையில் திருப்பலி நிறைவேற்றியவர் பத்து மணிக்குப் பள்ளி அலுவலகத்தில் அமர்ந்து, கட்டணச் சலுகை யாருக்கு, எந்த மாணவனின் பெற்றோரை அழைத்துவரச் சொல்வது, எந்த ஆசிரியரின் விளக்கத்தை ஏற்பது என்றெல்லாம் முடிவு செய்கிறார். மாதத்தின் முதல் வெள்ளி நெருங்கும்போது அவரே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவர்முன் வரிசையில் நிற்கிறார்கள். பழகிப்போன காட்சி என்பதால் இதில் ஓர் அறக்கேள்வி இருப்பதே கண்ணில் படுவதில்லை. ஒரு பிள்ளையின் படிப்பையும் விடுதி இடத்தையும் நடத்தைச் சான்றையும் கையில் வைத்திருப்பவர், அதே பிள்ளையின் மனச்சான்றையும் திறந்து பார்ப்பது சரியா? அந்தக் குருவானவர் நல்லவரா, கெட்டவரா என்பதல்ல பேச்சு. அவர் மிக நல்லவர் என்றே வைத்துக்கொண்டு எடைபோட வேண்டிய கேள்வி இது.

அப்படி எடைபோட்ட வரலாறு ஒன்று திருச்சபையிடமே இருக்கிறது. இத்தாலியின் தூரின் நகரில் வால்டோக்கோ என்னும் இடத்தில் ஏழைச் சிறுவர்களுக்காக இல்லமும் பள்ளியும் பட்டறைகளும் நடத்தியவர் தொன் போஸ்கோ. அந்த இல்லத்தின் தலைவரும் அவரே, சிறுவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டவரும் அவரே. தண்டனையைக் காட்டி அடக்காமல் அன்பால் முன்கூட்டிக் காக்கும் கல்விமுறையை 1877-இல் எழுதிவைத்தபோது, பிள்ளைகளை அருட்சாதனங்களுக்கு ஊக்கப்படுத்தலாம், ஒருபோதும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவர் தெளிவாகவே சொன்னார். 1857-இல் பதினான்கு வயதில் இறந்து பின்னாளில் புனிதர் பட்டம் பெற்ற தோமினிக் சாவியோ அவரிடம் வளர்ந்த பிள்ளைதான். தலைமையும் ஆன்ம வழிகாட்டலும் ஒரே மனிதரிடம் சேர்ந்து நல்ல பலன் தந்ததற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. ஆனால் அவர் 1888-இல் இறந்து பதின்மூன்றே ஆண்டுகளில், 1901-இல், அவர் நிறுவிய சலேசிய சபையின் இல்லத் தலைவர்கள் தங்கள் பொறுப்பில் உள்ளவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது என்று உரோமை ஆணையிட்டது. அவருக்குப் பின் சபையை நடத்திய மைக்கேல் ருவாவுக்கு அது எளிதில் விழுங்கக்கூடியதாக இல்லை. நிறுவனரின் வழக்கமே தடுக்கப்படுகிறதே என்ற வேதனை அதில் இருந்தது. ஆனாலும் சபை பணிந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1906-இல், சலேசியர் இந்தியாவில் முதன்முதலாகப் பணி தொடங்கத் தஞ்சாவூருக்கு வந்தது இந்தப் புதிய ஒழுங்கோடுதான்.

உரோமையின் ஆணை ஒரு புனிதர்மேல் எழுந்த ஐயத்தால் வந்ததல்ல. 1890-இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் காலத்தில், குருக்களல்லாத துறவற சபைகளின் தலைவர்கள் தங்கள் கீழுள்ளவர்களை மனச்சான்றைத் திறந்து காட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்ற ஆணை வந்துவிட்டது. அதன் தொடர்ச்சியாக 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், இன்று நடைமுறையிலுள்ள 1983-இன் தொகுப்பும் ஒரே நிலையை எடுக்கின்றன. இன்றைய 985-ஆம் சட்டத்தின்படி, குருமடத்தின் அல்லது வேறு கல்விக்கூடத்தின் தலைவர், அதே இல்லத்தில் தங்கியிருக்கும் மாணவர்கள் தாமாகவே கேட்டுக்கொண்டால் அன்றி, அவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது. அதற்கு முந்தைய 984-ஆம் சட்டம், பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை வெளி நிர்வாகத்தில் எவ்வகையிலும் பயன்படுத்த அதிகாரத்தில் இருப்பவருக்கு உரிமை இல்லை என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது திருச்சபையின் மனம் புரிகிறது. ரகசியத்தைக் காப்பதோடு கடமை முடிவதில்லை. ரகசியம் காக்கப்படுமா என்ற பயமே பிள்ளைக்கு எழாதபடி ஏற்பாடு செய்வதும் கடமை.

985-ஆம் சட்டம் விடுதி மாணவரைப் பற்றித்தானே பேசுகிறது, காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். எழுத்தளவில் அந்த வாதம் சரி. ஆனால் சட்டம் எதற்காக எழுந்ததோ அந்தக் காரணம் விடுதிக் கதவோடு நின்றுவிடுவதில்லை. தேர்வில் பார்த்து எழுதிய ஒரு மாணவி அதை மனம் நொந்து தாளாளரான குருவிடமே அறிக்கையிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அதே தேர்வு பற்றிய விசாரணை அவர் மேசைக்கு வருகிறது. அவர் தெரியாதவர்போல் இருந்தாக வேண்டும், இருப்பார். ஆனால் அவர் கண்டிப்பு காட்டினால் தன்னை மனத்தில் வைத்துத்தான் என்று அவள் நினைப்பாள், இளகினாலும் அப்படியே நினைப்பாள். அவர் வாயே திறக்காவிட்டாலும் அந்த மௌனத்துக்கு அவள் ஒரு பொருள் கற்பிப்பாள். குற்றம் யார்மேலும் இல்லாமலே இங்கே ஒரு கேடு நடந்துவிடுகிறது: அடுத்த முறை அவள் சொல்லத் தக்கதை மட்டும் தேர்ந்து சொல்லப் பழகுகிறாள். பதினான்கு வயதில் பழகிய அந்த ஒளிவுமறைவு, கடவுளிடம் பேசும் பேச்சிலும் ஒட்டிக்கொள்கிறது. நேர்மையை வளர்ப்பதற்கென்றே அமைந்த ஓர் அருட்சாதனம் அதற்கு எதிரானதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இதற்கு மறுப்பாக உருக்கமான ஒரு வாதம் உண்டு. வீட்டில் தந்தை கண்டிக்கவும் செய்கிறார், அரவணைக்கவும் செய்கிறார். குருவானவரைச் ‘சாமி’ என்றும் ‘ஃபாதர்’ என்றும் அழைக்கும் மக்களுக்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அந்நியமாகப் படாதா என்பது அந்த வாதம். நம் வீடுகளைச் சற்று உற்றுப் பார்த்தால் விடை அங்கேயே கிடைக்கும். தந்தை எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் பிள்ளை சில சங்கதிகளை அப்பத்தாவிடமோ அத்தையிடமோ தாய்மாமனிடமோதான் கொண்டுபோகிறது. அவர்கள் கையில் பிரம்பும் இல்லை, பள்ளிக் கட்டணமும் இல்லை. கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் பிள்ளைக்காகத் தந்தையிடம் பரிந்து பேச அவர்களால் முடிகிறது. தந்தையின் அன்பில் குறை கண்டு பிள்ளை அங்கே போகவில்லை; தந்தையின் அதிகாரம் அன்போடு சேர்ந்தே வருவதால் போகிறது. பிள்ளைகளுக்கு ஆன்ம வழி காட்டுகிற, பள்ளியின் ஆன்ம குரு இருக்க வேண்டிய இடம் இந்தத் தாய்மாமனின் இடம். அந்த இடத்தைத் தாளாளர் பிடித்துக்கொண்டால் பிள்ளைக்கு ஓடிப்போய் நிற்க வேறு வாசல் இல்லை.

அதிகாரம் ஆன்மிகத்துக்குள் நுழையும் இன்னொரு வழி வருகைப்பதிவு. திருப்பலிக்கு வராதவரின் பெயரைக் குறித்துக்கொள்வதும், ஆண்டுத் தியானத்தில் வகுப்புவாரியாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பி யார் போகவில்லை என்று பார்ப்பதும் நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவையே. கணக்கும் அறிவியலும் கட்டாயம் என்னும்போது செபம் மட்டும் ஏன் விருப்பம்போல, பழக்கப்படுத்தினால்தானே படியும் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. பழக்கத்துக்குப் பெரிய வலிமை உண்டு. ஞானோபதேச வகுப்பைக் கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கட்டாயமாக்குவதும் அதில் தேர்வு வைப்பதும் முறையானவையே, ஏனெனில் அது அறிவு சார்ந்தது. ஆனால் அருட்சாதனத்தைத் தகுந்த உள்ளநிலையோடுதான் பெற வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. பெரும் பாவத்தில் இருப்பதாகத் தன் மனச்சான்று சொல்லும்போது ஒருவர் நற்கருணை வாங்கக் கூடாது. பள்ளித் திருப்பலியில் வரிசை வரிசையாக வகுப்பே எழுந்து போகையில் ஒரு மாணவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் நூறு கண்கள் அவன்மேல் விழும். ‘என்ன செய்தான்?’ என்ற கிசுகிசுப்பு எழும். அந்த அவமானத்துக்குப் பயந்தே அவன் எழுந்து போய் வாங்குகிறான். பக்தியை வளர்க்கப் போட்ட கட்டாயம், திருச்சபை தன் கணக்கிலேயே பெருங்குற்றமாகக் கருதும் ஒன்றுக்குள் ஒரு சிறுவனைத் தள்ளுகிறது. உடல் வரிசையில் நின்றதற்கு வருகைப்பதிவு சான்று தரும். உள்ளம் வந்ததா என்பதற்கு அதனால் சான்று தர முடியாது.

கட்டாயம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கத்தோலிக்கரல்லாத மாணவர்களை ஒட்டியே எழுகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது: நம் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் அவர்களே பெரும்பான்மை. ஒரு பக்கம் ஞானோபதேசம் நடக்கும் அதே நேரத்தில் மறுபக்கம் அவர்களுக்கு நீதிபோதனை வகுப்பு நடப்பது பல தலைமுறை கண்ட ஏற்பாடு. அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்விக்கூடத்தில், மாணவரின் இசைவின்றி, அவர் சிறுவயதினர் என்றால் காப்பாளரின் இசைவின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. திருச்சபையின் நிலையும் அதுவே. கத்தோலிக்கக் கல்விக்கான உரோமைப் பேராயம் 1988-இல் வெளியிட்ட ஆவணம், நற்செய்தியை அறிவிக்கும் உரிமையைப் பள்ளி விட்டுக்கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, அறிவிப்பது வேறு, திணிப்பது வேறு, திணிப்பது ஒருவகை வன்முறை என்றும் பிரித்துக்காட்டியது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கல்விப் பணியகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் பிற சமய மாணவர்மேல் கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்க வேண்டாம் என்றன. இவை வேண்டியவையே. ஆனால் இந்தப் பேச்சில் ஒன்று விடுபட்டுப்போகிறது. இந்துப் பிள்ளைக்கும் இஸ்லாமியப் பிள்ளைக்கும் உள்ள மனச்சான்றின் உரிமை, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு மட்டும் குறைந்துவிடுமா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமய சுதந்திரம் குறித்து வெளியிட்ட அறிக்கை அந்த உரிமையை மனித மாண்பிலிருந்தே எடுத்துக்காட்டியது. ஞானஸ்நானம் அந்த மாண்பில் எதையும் கழிப்பதில்லை.

பிற சமயப் பிள்ளையைப் பொறுத்தும் ஆன்ம குருவுக்கு வேலை இல்லாமல் போய்விடாது. வீட்டில் சாவு விழுந்த பிள்ளையும், குடித்துவிட்டு வரும் தந்தைக்குப் பயப்படும் பிள்ளையும், பொதுத் தேர்வு நெருங்க நெருங்கத் தூக்கம் கெடும் பிள்ளையும் எல்லாச் சமயத்திலும் உண்டு. இவர்கள் தேடுவது தம் பேச்சை ஆற அமரக் கேட்க ஒருவரை. அந்த ஒருவர் தாளாளராகவே இருந்தால், அவர் ஆறுதலாகச் சொல்லும் ஒரு செபம்கூட நிபந்தனைபோல் காதில் விழலாம். பெற்றோருக்கும் ஐயம் எழலாம். அதிகாரமில்லாத ஒருவர் சொன்னால் அது வெறும் அன்பாகவே போய்ச் சேரும். தாளாளரையும் ஆன்ம குருவையும் வேறாக்கும் இந்தப் பிரிவினை கத்தோலிக்கப் பிள்ளைக்குச் செய்யும் நன்மையைவிடப் பிற சமயப் பிள்ளைக்குச் செய்யும் நன்மை பெரிதாகவே இருக்கக்கூடும்.

கடுமையான எதிர்வாதம் இனிமேல்தான். நிர்வாகக் கண்காணிப்புக்கு வெளியே, பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவரைத் தனி அறையில் உட்காரவைப்பது ஆபத்து அல்லவா? குருக்களிடம் சிறுவர் அடைந்த கொடுமைகள் உலகின் பல நாடுகளில் வெளிவந்த பிறகு இந்த அச்சத்தை மிகை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதிகாரம் இல்லாதிருப்பது வேறு, பொறுப்புக்கூறல் இல்லாதிருப்பது வேறு. ஆன்ம குருவுக்கு முதலாவது வேண்டும். இரண்டாவது எவருக்கும் ஆகாது. ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த அரச ஆணையம் 2017-இல் தந்த பரிந்துரைகளில் ஒன்று, சிறாரின் பாவசங்கீர்த்தனம் இன்னொரு பெரியவரின் பார்வைக்கு நேராகத் திறந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பது. காதுக்கு எட்டாமல் கண்ணுக்கு எட்டும்படி வைப்பதில் அருட்சாதனத்துக்கு எந்தக் குறையும் வராது. அடுத்து, நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, சிறார்மேல் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடக் கூடாது என்ற முத்திரைக்கும் நாட்டுச் சட்டங்களுக்கும் இடையிலான இழுபறி இன்னும் தீரவில்லை. ஆனால் மாமரத்தடியில் உட்கார்ந்து ஆலோசனை கேட்கும் பிள்ளையின் பேச்சு அந்த முத்திரைக்குள் வராது. அந்தப் பேச்சுக்குள் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து தெரிந்தால் வெளியே சொல்லியாக வேண்டும் என்பதைப் பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை. புகார் தாளாளரின் மேலேயே என்றாலும் தயங்காமல் கொண்டுபோக, தாளாளர் அல்லாத ஒருவரால் முடியும். பிரிவினைக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

ஆள் பற்றாக்குறை உண்மையான தடைதான். ஒரே குரு பங்கையும் கிளைப்பங்குகளையும் பள்ளியையும் சுமக்கும் ஊர்களில் இன்னொருவருக்கு எங்கே போவது? ஆனால் ஆண்டுத் தியானத்துக்கு வெளியூர்க் குருவை அழைப்பது ஏற்கெனவே இருக்கும் வழக்கம். ஒரே மறைவட்டத்துப் பங்குத்தந்தையர் மாதம் ஒருமுறை தங்களுக்குள் பள்ளிகளை மாற்றிக்கொண்டு பாவசங்கீர்த்தனம் கேட்டால் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் செலவாகாது. அருட்சாதனம் அல்லாத உடனிருப்புக்குக் குருத்துவமும் தேவையில்லை. பயிற்சி பெற்ற சிஸ்டர் ஒருவரோ பொதுநிலை ஆசிரியை ஒருவரோ போதும். பெண் பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. அவர் அந்தப் பிள்ளைகளின் வகுப்பாசிரியையாகவும் விடுதிக் காப்பாளராகவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

கட்டணத்தைத் தள்ளவும் முடியாத, ஒரு தண்டனையை நிறுத்தவும் முடியாத ஆன்ம குருவால் பிள்ளைக்கு என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. சில நேரங்களில் அந்தக் கையறுநிலை அவரையே வருத்தும். அவர் பரிந்து பேசலாம், அதுவும் பிள்ளை அனுமதித்தால் மட்டும், முடிவு வேறொருவருடையது. ஜூன் மாதம் பள்ளி திறந்து முதல் வாரத்துக் காலை வழிபாட்டில் அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யும்போது, அவர் யார் என்பதோடு இதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்: இவர் மதிப்பெண் போடுகிறவர் அல்லர், பெற்றோரை அழைத்துவரச் சொல்கிறவர் அல்லர், இவரிடம் வருகிறவர்களின் பெயரை எந்தப் பதிவேட்டிலும் எழுதமாட்டார்கள், மதிய இடைவேளையில் மாமரத்தடியில் இருப்பார், வராவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.