ஊட்டுகிறவளின் உடம்பு

ஏற்காட்டுக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கும் மிகுந்த உயரத்தில், சேர்வராயன் என்னும் மலைத்தெய்வம் காவேரியம்மனோடு கோயில்கொண்டிருக்கும் குகைக்குள் நுழைகிறவர், எத்துணைப் பெரிய மனிதராயினும், குனிந்துதான் செல்ல வேண்டும். மலையாளிகள் எனப்படும் அம்மலைப் பழங்குடி மக்கள் ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே திருவிழா எடுக்கிறார்கள். அந்தக் குகை எங்கோ கீழே காவிரியாற்றோடு தொடர்புகொண்டது என்பது பரம்பரையாக வந்த நம்பிக்கை.

அக்குகை வாயிலில் ஒரு நாள் ஓர் இளந்தாய் கைக்குழந்தையோடு தயங்கி நின்றாள். விரல்மூட்டுகள் வீங்கிச் சிவந்திருந்தமையால், குழந்தையை உள்ளங்கையால் பற்றாமல் முழங்கை மடிப்பிலே சாய்த்து, மற்றொரு கையின் மணிக்கட்டால் அணைகொடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற கிழவி ஒருத்தி விசாரித்தாள். பிரசவத்துக்கு முன்பே இருந்த முடக்குவாதம் என்றும், பால் கொடுப்பதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும் அவள் சொன்னாள். "பால்ல இறங்கிடும்னு சொன்னாங்க ஆயா. வலிய நான் பொறுத்துக்குவேன்." கிழவி அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். "நீ பொறுத்துக்குவே கண்ணு, உன் கை பொறுக்குமா?"

மலையிறங்கும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தன் சரீரத்தைப் பேணிக்கொள்வது தாய்க்குச் சுயநலமா, தர்மமா? தாய்மையைத் தியாகம் என்று போற்றிப் போற்றி, தியாகம் என்றால் தன்னை அழித்துக்கொள்வதே என்னும் ஓர் அபிப்பிராயத்தை நாம் அறியாமலே வளர்த்துவிட்டோம். ஆகையால் நோயை மறைத்துப் பாலூட்டுகிறவள் உத்தமியாகவும், தன் மருந்தைக் கேட்கிறவள் மனம் குறுகியவளாகவும் நம் கண்ணுக்குத் தோன்றுகிறார்கள்.

உண்மையில் வைத்தியம் அவ்வளவு கொடிய நிர்ப்பந்தத்தைப் பெரும்பாலும் விதிப்பதில்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்றும், பிற உணவோடு 2 ஆண்டும் அதற்கு மேலும் அதைத் தொடரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்தப் பாலைச் சுரக்க ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும். தைராய்டுக்கான தைராக்ஸின், நீரிழிவுக்கான இன்சுலின், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து ஆகியவற்றைப் பாலூட்டும் தாய் நிறுத்த வேண்டியதில்லை. கர்ப்பகாலத்தில் பலருக்குத் தணிந்திருந்து பிரசவத்துக்குப்பின் சீறியெழும் முடக்குவாதத்திலும், மெத்தோட்ரெக்சேட் போன்றது விலக்கப்படுமேயன்றி, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசைன் முதலியன வைத்தியர் மேற்பார்வையில் கொடுக்கப்படுகின்றன. ஆதலின் பல தாய்மார் வலியைத் தாங்குவது குழந்தையின் பொருட்டன்று, ஒரு கேள்வியை வைத்தியரிடம் கேளாமையின் பொருட்டே. ஆயினும் விலக்கப்பட்ட மருந்தே வேண்டியிருக்கும் தாய்மாரும் உண்டு. தர்ம விசாரம் அவர்களிடத்திலேதான் கூர்மையடைகிறது.

ஆசாரியனுடைய கருணையை விளக்க வந்த ஸ்ரீவைணவப் பெரியோர் ஓர் அழகிய உவமை கூறுவர்: முலையுண்ணும் குழந்தைக்கு நோய் வந்தால், அதைத் தன் குறையென்றே எண்ணித் தாய் தான் ஔஷதம் உண்கிறாள். மருந்து அவள் வாயில் புகுந்து குழந்தையின் உடம்பில் வேலை செய்கிறது. உடம்பு இரண்டு, வாழ்வு ஒன்று. இவ்வுவமையை நாம் வணங்கி ஏற்றுக்கொள்கிறோம். ஏற்றுக்கொண்டபின், குழந்தையின் நோய்க்காகத் தாய் மருந்துண்டால் கருணை, தன் நோய்க்காக அவளே உண்டால் சுயநலம் என்று எந்த நியாயத்தால் பிரிப்பது? அவள் கை முடங்கினால் தூக்கப்படாமல் கிடப்பது குழந்தையல்லவா?

குகைக்குள் இருக்கும் காவேரியம்மனையே கேட்போம். காவிரியின் குறுக்கே 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை, நீர்மட்டம் 120 அடியை எட்டினால் நிரம்புகிறது. ஜூன் 12 அன்று குறுவை நெற்சாகுபடிக்காகத் திறப்பது வழக்கம். காவிரி பிறக்கும் குடகில் மழை குறைந்து நீர்மட்டம் தாழ்ந்த ஆண்டுகளில் அந்தத் தேதி தள்ளிப்போகிறது. தஞ்சை விவசாயி வானத்தை நோகிறான், அதிகாரியையும் நோகிறான், காவிரியைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்வதில்லை. ஊட்டுகிற நதிக்கும் ஊட்டுவதற்கு ஒரு மேகம் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். நதித்தாய்க்கு நாம் தருகிற இந்த நியாயத்தை வீட்டுத்தாய்க்கு ஏனோ தருவதில்லை.

அதே காவிரி வெள்ளம் பெருகி வழிமறித்ததால், பிரசவ வேதனையிலிருந்த ரத்னாவதியிடம் அவள் தாய் வந்துசேர இயலாதபோது, சிவபெருமானே அத்தாயின் உருவில் வந்து பணிவிடை செய்தார் என்பது திருச்சிராப்பள்ளித் தலபுராணம். கரையிலே சிக்கிக்கொண்ட தாயை இறைவன் கடிந்தாரென்று அங்கே கதையில்லை. அவளிடத்தை நிரப்பித் தாயுமானவர் என்று பெயர் கொண்டார். தன் மருந்தை விட முடியாத தாயும் அவ்வாறு வெள்ளத்தின் அக்கரையில் நிற்பவளே. குழந்தைக்குப் புட்டிப்பால் ஊட்டும் பாட்டியும், இரவில் எழுந்து ஒருவேளை ஊட்டித் தாயை உறங்கவிடும் கணவனும் அவளிடத்தைப் பறிக்கவில்லை. இக்கரையில் நின்று அதைக் காக்கிறார்கள்.

அன்று கிழவி குழந்தையை வாங்கிக்கொண்டாள். "கொடு, நான் வெச்சிருக்கேன். நீ போய்க் கும்பிட்டு வா." அந்தப் பெண் வீங்கிய கையைப் பாறையில் ஊன்றி, மெல்லக் குனிந்து, வெறுங்கையோடு உள்ளே போனாள்.