கமிஷனை மறைப்பது கள்ளத்தராசா?



நம் சபையில் ஆசிரியைகள் அதிகம். பெரும்பாலும் தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் வேலை பார்க்கிறவர்கள். ஆராதனை முடிந்ததும் பாலிசி ஃபாரத்தோடு இவர்களைத் தேடி வருகிற சகோதரர்களும் உண்டு. "அக்கா, வயசான காலத்துக்கு வேணுமில்லையா?" கேள்வி நியாயம்தான். ஒரே சபைதானே என்று அக்காவும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

"நான் ஒரு வார்த்தை பொய் சொல்லலையே, பாஸ்டர்!" என்றார் அப்படி ஒரு சகோதரன். மெய்தான். ஆனால் சொல்லாமல் விட்டது எத்தனை! 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டம் முதல் வருடப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்க நெடுங்காலம் இடம் கொடுத்தது. மாதம் 2,000 கட்டினால் வருடத்துக்கு 24,000. அதில் 8,400 ரூபாய்! விதிகள் பிறகு மாறின. ஆனாலும் முதல் வருடத்தில்தான் இன்றைக்கும் கமிஷன் பெரிது. அக்கா ஒரே வருடம் கட்டி நிறுத்தினாலோ, 2024 அக்டோபருக்கு முன் எடுத்த எண்டோவ்மெண்ட் பாலிசிகளில் பொதுவாக ஒன்றும் திரும்பாது. அதற்குப் பின் எடுத்தவற்றில் ஒரு பங்காவது திரும்ப வழியுண்டு.

உழைக்கிறவனுக்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் அலைகிறவனுக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் கூலியை மறைத்தால், தம்பி ஆலோசனை சொல்கிறாரா, வியாபாரம் செய்கிறாரா என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? எடைக்கல்லைக் குறைப்பது மட்டுமா கள்ளத்தராசு? ஒரு தட்டைத் துணி போட்டு மூடினாலும் கள்ளத்தராசே.

எனக்கு இன்னும் பாரமான காரியம், கமிஷன் இல்லாததை யாருமே சொல்வதில்லை. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பள்ளியில் பி.எஃப். உண்டு. பள்ளி மாறும்போதெல்லாம் அதை எடுத்துக் கல்யாணத்துக்கும் ஓட்டு மாற்றவும் செலவழித்துவிடுகிறோம். 10 வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் மாதப் பென்ஷன். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து! புதுப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டால் தொடரும். பென்ஷன் சொற்பம்தான், 2014-ல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். இருந்தாலும் உயிரோடிருக்கும்வரை வரும்.

அதோடு, 5 வருடம் வேலை செய்த ஆசிரியருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் கிராஜுட்டி உண்டு. 2009-ல் திருத்தின சட்டம் 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எத்தனை பேர் கேட்டு வாங்கினீர்கள்?

இந்த வருடம் பள்ளி மாறுகிற சகோதரிகள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும்போது பி.எஃப். நம்பரைக் கொண்டுவாருங்கள். மாற்றுகிற விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பலாம். அதற்குக் கமிஷன் கிடையாது.