பக்கத்து ஆசனத்தாரின் ஹக்கு



யார் யாருக்கு நன்மை செய்ய வேண்டும் என்பதைத் திருமறையின் 4ஆம் அத்தியாயம் 36ஆம் வசனத்தில் அல்லாஹ் வரிசைப்படுத்துகிறான். பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோருடன், பக்கத்தில் இருக்கும் தோழரையும் அங்கே சேர்த்துச் சொல்கிறான். பயணத்தில் உடன் வருபவரும் இதில் அடங்குவார் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கியுள்ளனர். ஒட்டகத்தில் சென்ற காலத்தில் இறங்கிய கட்டளை, ஆகாய விமானத்தில் செல்லும் நமக்கும் உரியதன்றோ!

மும்பையிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ் கப்பல் 1995ஆம் ஆண்டோடு நின்றது. கப்பலில் நாள் கணக்கில் சேர்ந்திருந்தவர்களுக்கு, மனத்தாங்கல் வந்தாலும் கரை சேருமுன் மாப்புக் கேட்டுக்கொள்ள அவகாசம் இருந்தது. விமானமோ சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. அருகில் இருந்தவர் யார், எவ்வூர் என்று அறியாமலே பிரிந்து விடுகிறோம். அடியாருக்குச் செய்த தீங்கை அந்த அடியாரே மன்னிக்க வேண்டும். அவரை எங்கே போய்த் தேடுவது? தொழுகையும் நோன்பும் கொண்டு வந்தும், பிறருக்கு இழைத்த தீங்குக்கு ஈடாக அவற்றையெல்லாம் இழந்து நிற்பவனே உண்மையில் திவாலானவன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை மறக்கலாகாது.

தீங்கு என்றால் அடி உதை மட்டுமல்ல. பின்னால் இருப்பவர் சாப்பிடும்போது ஆசனத்தைச் சாய்ப்பதும், பிறர் உறங்கும்போது செல்போனைச் சத்தமாக வைப்பதும் தீங்குதான். கேட்பது பயானாக இருந்தாலும் சரியே. விமானம் தரை தொட்டதும் எழுந்து, மற்றவரை இடித்து முந்துவதும் அப்படியே.

குழந்தை அழுதால் முகம் சுளிக்காதீர்கள். விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் மாறுவதால் காது வலிக்கும். சொல்லத் தெரியாத சிசு அழுகிறது. குழந்தையின் அழுகுரல் கேட்டு, தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கிக் கொண்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

உளூவிலும் கவனம் வேண்டும். ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் உளூ செய்து காட்டினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். விமானத்தில் தண்ணீர் அளவோடுதான் இருக்கும். கழிப்பறைத் தரையை நனைத்து, அடுத்து வரும் முதியவரை வழுக்கி விழச் செய்தால் அது பேணுதலாகுமா? மீகாத் நெருங்கியபின் இஹ்ராம் உடுத்தக் கூட்டமாக நின்று வழியை அடைப்பதும் வேண்டாம். வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக் கொண்டு, மீகாத்தைக் கடக்குமுன் நிய்யத்துச் செய்தால் போதும். ஹஜ்ஜில் சச்சரவு கூடாதென்று திருமறை (2:197) தடுத்திருக்க, தல்பியா சொல்லும் நாவால் ஜன்னல் ஆசனத்துக்காகச் சண்டையிடலாமா? சபையில் இடம் விட்டுக் கொடுப்போருக்கு அல்லாஹ்வும் இடத்தை விசாலமாக்குவான் என்பது இறைவாக்கு (58:11) அல்லவா!

ஆகவே, விமானத்தை விட்டு இறங்குமுன், பக்கத்தில் இருப்பவர் எம்மதத்தவராயினும் அவரிடம், “ஏதும் இடைஞ்சல் செய்திருந்தால் மன்னித்துக் கொள்ளுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கியாமத்து நாளின் கணக்கில் ஒரு சுமை அங்கேயே குறையும்.

உடன் பயணிப்போரின் ஹக்கைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.