கரிக்காத இரக்கம்



இன்று தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாள். 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் இதை மே முதல் நாளுக்கென ஏற்படுத்தினார். நம் பங்கில் மரப்பட்டறையை நம்பி வாழும் குடும்பங்கள் பல. உளியும் இழைப்புளியும் பிடித்தவர்களின் பிள்ளைகள் இன்று சிஎன்சி ரவுட்டரில் கதவுக்குப் பூவேலை எடுக்கிறீர்கள். உங்கள் வேலையிலிருந்தே ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பலகையின் நீளவாக்கில் ஓடும் ரவுட்டரின் வெட்டும் பிட்டுக்கு மரம் எளிதாக இடம் கொடுக்கும். குறுக்கே அறுத்த முகம் அப்படியல்ல. வேரிலிருந்து நீரை ஏற்றிய நுண்குழாய்களெல்லாம் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. மரம் காயும்போது முதலில் வெடிப்பதும் அந்த முனைதான். மழுங்கிய பிட் பட்டால் இழைகள் அறுபடாமல் நசுங்கும். ஒரேயடியாக ஆழம் கொடுத்தால், பிட் வெளியேறும் விளிம்பு சிலாம்பாகப் பெயரும்.

சரி, மெதுவாக ஓட்டினால் போதுமே என்று நமக்குத் தோன்றும். தொழில் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். இரண்டு வெட்டுமுனை உள்ள பிட் நிமிடத்துக்கு 18,000 முறை சுற்றி, 3,600 மில்லிமீட்டர் நகர்ந்தால், ஒவ்வொரு முனையும் ஒரு சுற்றில் 0.1 மில்லிமீட்டர் சீவும். நகர்வை மிகவும் குறைத்துவிட்டால் முனை வெட்டாது, உரசும். உரசிய இடம் சூடேறிக் கரியும். ஆகவே கூரான பிட்டைப் பூட்டி, ஆழத்தைக் குறைத்து, தயங்கி நிற்காமல் ஓட்டுகிறீர்கள்.

அன்பார்ந்தவர்களே, வாழ்க்கை நம்மைக் குறுக்கே அறுத்த இடம் ஒன்று நம் எல்லாருக்கும் உண்டு. முறிந்த திருமணம், அடைக்க முடியாத கடன், மறைக்கப் பார்க்கும் பாவம். நம் வீட்டில் ஒருவருடைய அந்த இடத்தை நாம் எப்படித் தொடுகிறோம்? என்றோ முடிந்த தவற்றைச் சோற்றுத் தட்டின் முன்னால் தினமும் எடுத்து வைக்கிறோம். “பொறுமையாகத்தானே சொல்கிறேன்” என்று நியாயமும் சொல்கிறோம். அது பொறுமையா, உரசலா? எத்தனை உள்ளங்கள் அப்படிக் கரிந்திருக்கின்றன?

யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் பேசியதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் வாழ்வின் உண்மையை இயேசு மறைக்கவில்லை. ஒரே முறை, தெளிவாகச் சொன்னார். அங்கேயே நின்றுவிடவில்லை. உண்மையான வழிபாட்டைப் பற்றி அவரோடு பேசினார். தாமே மெசியா என்று அவருக்கு வெளிப்படுத்தினார். ஊராருக்கு முகம் காட்டத் தயங்கியிருக்கக்கூடிய அந்தப் பெண், குடத்தை விட்டுவிட்டு அந்த ஊராரையே அழைத்துவரப் போனார். தச்சரின் மகன் என்று நசரேத்து இளக்காரமாகப் பார்த்தவருடைய கை அத்தகையது.

இன்னொன்றையும் நீங்கள் அறிவீர்கள். விளிம்பு பெயராமல் இருக்கத் துணைக்கட்டை ஒன்றை ஒட்டி வைத்துக் கிளாம்ப் போடுவீர்கள். சிதைவதை அது வாங்கிக்கொள்ளும். சிலுவையில் ஆண்டவர் நமக்காகச் செய்தது இதுதான். மேலும், மரத்துக்கு எண்ணெய் பூசும்போது குறுக்கே அறுத்த அந்த முகமே மிகுதியாகக் குடிக்கிறது. ஆகவே அறுபட்ட இடத்தைக் குறித்து வெட்கப்பட்டு ஒப்புரவு அருளடையாளத்துக்கு வராமல் இருக்காதீர்கள். அருள் ஆழமாக இறங்கப்போவது அங்கேதான்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் யாருக்காவது திருத்தம் சொல்ல வேண்டியிருந்தால், ஒரு முறை அன்போடு சொல்லுங்கள். சொன்னபின் அவர் பக்கத்தில் நில்லுங்கள். நம்மைத் திருத்துகிறவரும் நம்மைத் தாங்குகிறவரும் ஒரே ஆண்டவர்தான். அவருடைய இரக்கம் உங்கள் இல்லங்களிலும் பட்டறைகளிலும் தங்குவதாக. ஆமென்.