நான் இருக்கேன், நீ இருக்கியா?

நீங்கள் இருக்கிறீர்கள் என்பது பக்கத்து ஃப்ளாட்காரருக்குத் தெரியுமா? தெரியும் என்றால், அது நல்லதா, ஆபத்தா?

என்னடா இது, ஆரம்பமே வேதாந்தமாக இருக்கிறதே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதே கேள்வியை நாற்பது வருஷத்துக்கு மேலாக கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

சின்ன ஆபீஸ்களில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது:

'சார், என் சிஸ்டத்துல உங்க சிஸ்டம் தெரியலையே!'

'உங்களுது எனக்கு ஜோரா தெரியுதே!'

பத்தடி தூரத்தில் இரண்டு மேஜை. ஒரே நெட்வொர்க். ஒன்றுக்கு மற்றதைத் தெரிகிறது, மற்றதற்கு இதைத் தெரியவில்லை. அப்படியே மனுஷ ஜாதி.

ஒரு மெஷின் இன்னொன்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரொம்ப சிம்பிள். கத்துகிறது. ஏ.ஆர்.பி. என்று ஒரு விதிமுறை, 1982-ல் டேவிட் ப்ளம்மர் எழுதியது. 'இந்த ஐ.பி. எண் யாருடையது?' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல். உரியவர் மட்டும் 'நான்தான்' என்பார். மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். சரி, வேறு யாராவது 'நான்தான்' என்று சொன்னால்? நம்பிவிடும்! சொன்னவர் அவர்தானா என்று சரிபார்க்க அந்த விதிமுறையில் வழியே இல்லை. ஒரே ஒயரில் இருப்பவன் நம்ம ஆள்தானே என்கிற பழைய கிராமத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குள் புகுந்து ஒட்டுக்கேட்கிற வித்தை இன்றைக்கும் இருக்கிறது.

விண்டோஸ் 95-ல் 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' என்று ஒரு ஐகான் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? க்ளிக் செய்தால் அக்கம்பக்கத்து மெஷின்களின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலை வைத்துக்கொள்ள ஒரு நாட்டாமை வேண்டுமல்லவா? அதற்கு மெஷின்கள் தங்களுக்குள் தேர்தல் நடத்தின. நிஜமாகவே அதற்குப் பெயர் 'எலெக்‌ஷன்'! பெரிய ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருப்பவர் ஜெயிப்பார். சமமாக இருந்தால், அதிக நேரம் அணையாமல் ஓடிக்கொண்டிருப்பவர். அதிலும் சமம் என்றால் அகரவரிசை. செலவே இல்லாத தேர்தல்.

ஜெயித்தவரிடம் ஒவ்வொரு மெஷினும் 12 நிமிஷத்துக்கு ஒரு தரம் 'நான் இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று முறை சத்தம் வரவில்லை என்றால், அதாவது 36 நிமிஷம் ஆனால், பெயர் அடிக்கப்படும். பட்டியலின் நகலை வைத்திருக்கும் உதவியாளர் அதைப் புதுப்பிக்க இன்னும் 15 நிமிஷம் வரை ஆகலாம். ஆக, கரன்ட் போய் மண்டையைப் போட்ட ஒரு மெஷின் 51 நிமிஷம் வரை பட்டியலில் உயிரோடு இருக்கும்!

பி.காம். படித்தவர்களுக்கு இது புதுசில்லை. நம் கணக்குப் புத்தகத்தில் ஒரு பாக்கி, பேங்க் பாஸ்புக்கில் வேறு பாக்கி. இரண்டும் பொய் இல்லை, நடுவில் ஒரு செக் இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதற்காகத்தான் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏட்டில் இருப்பதும் நாட்டில் இருப்பதும் வேறு வேறு.

அதனால்தான் ரிப்பேருக்கு வரும் விஷயம் தெரிந்த பையன் பட்டியலை நம்ப மாட்டான். காணாமல் போன மெஷினின் எண்ணை நேரடியாக அடித்துப் பார்ப்பான். பல சமயம் திறந்துகொள்ளும்! பட்டியலில்தான் ஆள் இல்லை, வீட்டில் இருக்கிறார்.

இங்கேதான் நம் கேள்வி சூடு பிடிக்கிறது. கண்ணில் படாமல் இருப்பது பாதுகாப்பா?

2017 மே 12. 'வான்னக்ரை' என்ற வைரஸ் கிளம்பி, 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாயின. அது எந்தப் பட்டியலையும் பார்த்து வரவில்லை. வரிசையாக ஒவ்வொரு எண்ணின் கதவையும் தட்டிப் பார்த்தது. எஸ்.எம்.பி. 1 என்கிற பழைய பூட்டு இருந்த இடத்தில், ஓட்டை அடைக்காத இடத்தில், உள்ளே போயிற்று. ஓட்டையை அடைக்கும் மருந்து மார்ச் மாதமே வந்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் ஏராளம். பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டவர்களுக்கு, பலகை இல்லாததால் ஒரு லாபமும் இல்லை.

அதே வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பைப் புதிதாக நிறுவினால் எஸ்.எம்.பி. 1 வராது. அதை நம்பியிருந்த பழைய பட்டியலும் கூடவே போனது. 'பக்கத்து சிஸ்டம் தெரியலையே' என்ற புலம்பல் அதிகமானது. 'எஸ்.எம்.பி. 1-ஐ மறுபடி ஆன் பண்ணிக்கோங்க சார்' என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அண்டை வீட்டுக்காரர் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பூட்டையே கழற்றச் சொல்கிற கதை! புது முறைப்படி தன்னை அறிவித்துக்கொள்ளும் சர்வீஸை ஓடவிட்டு, நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

யோசித்தால், மூன்று தனித்தனி விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இருப்பது ஒன்று. இருப்பதைத் தெரிவிப்பது இன்னொன்று. உள்ளே விடுவது மூன்றாவது. மெஷின் இன்றைக்கு இந்த இரண்டாவதைத் தனியாகக் கேட்கிறது: 'இந்த நெட்வொர்க்கில் உங்களை மற்றவர்கள் பார்க்கலாமா?' ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில் 'வேண்டாம்' என்பதும், வீட்டில் 'சரி' என்பதும்தான் நியாயம். அதை முடிவு செய்ய வேண்டியவர் சொந்தக்காரர். எட்டிப் பார்க்கிற ஆசை உள்ள பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

மனிதர்கள் விஷயத்தில் நாம் பயந்துபோய் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே மூடிவிட்டோம். பெயர் சொன்னால் உள்ளே வந்துவிடுவார்களோ என்று பெயரே சொல்வதில்லை. பெயர் சொல்லலாம், சார். பூட்டு நல்லதாக இருந்தால் போதும்.

பூட்டுப் போட்டுவிட்டால் கடமை தீர்ந்ததா? அந்தப் பழைய நாட்டாமை மெஷினுக்கு யார் வீட்டுக்குள்ளும் போகும் உரிமை கிடையாது. சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான் அதன் வேலை. பிள்ளைகள் வெளிநாட்டில், தனியாக இருக்கிற பெரியவர் உங்கள் மாடியிலும் ஒருவர் இருக்கலாம். காலையில் பால் பாக்கெட்டை எடுப்பதுதான் அவருடைய 'நான் இருக்கேன்'. அவர் சொந்த விஷயம் எதுவும் நமக்கு வேண்டாம். பாக்கெட் பத்து மணி வரை வாசலிலேயே கிடந்தால் பெல் அடித்துப் பார்க்கலாம்.

மெஷினுக்கு மூன்று தவணை கொடுத்தார்கள். மனிதருக்கு ஒன்று போதும்.