சொந்தக் கால்

உங்களிடம் ஒரு கேள்வி. கடைசியாக எப்போது, யாரிடம், 'எனக்கு உதவி வேணும்' என்று வாய்விட்டுக் கேட்டீர்கள்? யோசிக்க நேரமாகிறதா? எனக்கும் ஆகிறது.

போடிநாயக்கனூரில் ஒரு நண்பர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். விடியற்காலையில் அங்கே சேவலுக்கு முன்னால் ஜீப் சத்தம் கேட்கும். தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும். காயோ காலடியில், தூரில் காய்க்கும். ஈரச் சரிவில் குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா இருபது வருஷம் அப்படி மலைக்குப் போனவர். சரிவில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு திண்ணையில் இருந்தார். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், தாகம். கூப்பிடு தூரத்தில் நாலு வீடு. கூப்பிடவில்லை. தானே எழுந்து காலை ஊன்றினார். விழுந்தார். சேர ஆரம்பித்த எலும்பு விலகிவிட்டது. முதலிலிருந்து மறுபடியும் கட்டு.

"ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடியாந்திருப்பேன்ல!" என்று எதிர்வீட்டம்மா கத்தித் தீர்த்தார். அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வீட்டுக்காரர் போனப்பக்கூட யார்கிட்டயும் கை நீட்டல தம்பி. சொந்தக் கால்லயே நின்னுட்டேன். ஒரு சொம்புத் தண்ணிக்குக் கூப்பிட நாக்கு எழும்பல."

எனக்குச் சுருக்கென்றது. என் காலேஜ் ஃபீஸைக் கட்டியது அண்ணன். மேடையில் என்னை 'சொந்தக் காலில் நின்று முன்னேறியவர்' என்று அறிமுகப்படுத்தும்போது, ஒரு தடவைகூட நான் திருத்தியதில்லை.

ஊர் திரும்புவதற்கு முன்னால், எலும்பு டாக்டரான நண்பர் ஒருவருக்குப் போன் போட்டேன். முறிந்த எலும்பு எப்படித்தான் சேருகிறது? என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்கும் புரிகிற மாதிரி சொன்னார்.

எலும்பு முறியும்போது அதற்குள் ஓடும் பொடிப்பொடி ரத்தக்குழாய்களும் அறுந்துபோகின்றன. அங்கே உள்ள செல்களுக்கு ஆக்ஸிஜன் தட்டுப்பாடு. உடனே அவை வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. 'இங்கே ரத்தம் வேணும்' என்று போடுகிற கூப்பாடு அது. பக்கத்து ரத்தக்குழாய்கள் அந்த வாடையைப் பிடித்துக் கிளைவிட்டு வருகின்றன. குழாய் வந்து சேராத இடத்தில் எலும்பு கூடாமல் இழுத்தடிக்கும். சிகரெட் பிடிப்பவருக்கு முறிவு தாமதமாகச் சேருவதற்கும் இது ஒரு காரணம். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுகிறது.

வந்த குழாய் வெறும் சப்ளைக்காரர்தானா? இல்லை. ஜெர்மனியில் மியூன்ஸ்டர் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் சரவணா ராமசாமி, அஞ்சலி குசும்பே, ரால்ஃப் ஆடம்ஸ் ஆகியோர் எலிகளை வைத்து ஆராய்ந்து, 2014-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எலும்புக்குள் ஓடும் குழாய்களின் சுவர் செல்களே 'நாகின்' என்ற புரதத்தைச் சுரந்து, எலும்பு வளரத் துணை செய்கின்றனவாம். எலும்பு கூப்பிடுகிறது, குழாய் வருகிறது. வந்த குழாய் எலும்பை 'வளரு' என்கிறது.

இப்போது சொல்லுங்கள், நாம் பெருமையடிக்கிற அந்தச் 'சொந்தக் கால்' எங்கே இருக்கிறது? காலே சொந்தக் காலில் நிற்கவில்லையே!

'எல்லாத்துக்கும் அடுத்தவரைக் கூப்பிட்டால் அது சோம்பேறித்தனம் இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ரத்தம் கேட்டுக் குரல் கொடுத்த அந்த எலும்பு, வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. நம் உடம்பில் ரத்த அணுக்கள் பிறப்பதே எலும்பு மஜ்ஜையில்தான். இன்றைக்குக் கேட்கிறவர்தான் நாளைக்குக் கொடுக்கிறவர். வாங்குவதில் கேவலம் இல்லை. வாங்கியதை மறந்துவிடுவதில்தான் இருக்கிறது.

பி.காம். முதல் வருஷத்தில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. முதலாளி போட்ட சொந்த முதலை, பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் எழுத மாட்டார்கள். பொறுப்புகள் பக்கம், கடன்களோடு சேர்த்து எழுதுவார்கள். நிறுவனம் அவருக்குத் திருப்பித் தர வேண்டிய பணமாம் அது. எதை 'நம்முடையது' என்கிறோமோ, அதற்கும் யாரோ ஒருவர் பெயரில் வரவு இருக்கிறது. போடியில்தான் அது எனக்குப் புரிந்தது.

கிளம்புகிற அன்று பார்த்தேன். அக்கா பக்கத்தில் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் இருந்தன. "கூப்பிட வாய் வரலேன்னா இதத் தட்டுங்க மதினி" என்று எதிர்வீட்டம்மா வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அக்கா என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார். பிறகு, கரண்டியை எடுத்து ஒரே ஒரு தட்டு.

இரண்டு வீட்டுக் கதவு திறந்தது.